ஓநாய் வாழும் மண்ணில் மின்னணு அழைப்பான் வேண்டாம்: வட கரோலைனா வனவிலங்கு ஆணையத்தாருக்குத் திறந்த மடல்

மாநில வனவிலங்கு ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு,

டேர், ஹைட், டிரெல், வாஷிங்டன், போஃபர்ட் ஆகிய ஐந்து கவுண்டிகளில் (மாவட்டம் போன்றவை), ஓநாயைப்போலத் தோன்றும் சிறிய காட்டு விலங்கான கயோட்டியை வேட்டையாட, பதிவு செய்த விலங்குக் குரலை ஒலித்து வரவழைக்கும் மின்னணு அழைப்பானைப் பயன்படுத்த உங்கள் விதிகள் இடம் தருவதை ஏற்க முடியாமல் இம்மடலை எழுதுகிறேன். சிவப்பு ஓநாய் என்னும் இனத்தின் காட்டுக் கூட்டம் வாழ்வதாக அறியப்பட்ட இடம் உலகிலேயே இந்த ஆல்பமார்ல்–பாம்லிக்கோ தீபகற்பம் ஒன்றுதான். இங்கே இரவு வேட்டையை நிறுத்துவதற்கு நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அந்தத் தடை வந்ததோடு ஆபத்து நீங்கிவிட்டது என்பதுபோல, பகல் வேட்டையில் எந்தக் கருவி எப்படிப் பயன்படுகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. ஓநாயையும் கயோட்டியையும் ஒரே குரலால் வரவழைத்து, வந்தது எது என்று முடிவு செய்யச் சில நொடிகளை மட்டுமே விட்டுவைக்கும் ஒரு முறை, பகலில் நடந்தாலும் இந்த மண்ணுக்குப் பொருந்தாது என்பதே நான் சொல்ல வந்தது.

வேட்டையை எதிர்ப்பவர் வரிசையில் நான் இல்லை. வாஷிங்டன் கவுண்டியில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதன் பெரும்பகுதியைச் சோயாவும் மக்காச்சோளமும் விதைக்கப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். நான் வேட்டை உரிமம் வைத்திருக்கிறேன், இலையுதிர் காலத்தில் மான் சுடுகிறேன், அந்த இறைச்சியை வீட்டில் மிளகு சேர்த்து வறுத்து உண்கிறோம். ஆகவே நகரத்தில் இருந்துகொண்டு கிராமத்துக்காரருக்குப் புத்தி சொல்ல வந்த மடல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வருகிறது. தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், ராலி, கேரி, மோரிஸ்வில் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள்தான். கோடை விடுமுறையில் அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைக்குப் போகும்போது 64-ஆம் நெடுஞ்சாலையில் அலிகேட்டர் ரிவர் சரணாலயத்தின் ஊடாகவே நாம் செல்கிறோம். சாலையின் இருபுறமும் தெரியும் கருநீர்க் கால்வாய்களுக்கும் பொக்கோசின் புதர்க்காட்டுக்கும் அப்பால் இருப்பது என்ன என்று நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை. வேட்டை விதிகளை மாற்றுமுன் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. வரி செலுத்தும், வாக்களிக்கும் நம்மவரும் அந்தக் கூட்டங்களில் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

அழைப்பானைப் பார்த்திராதவர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கிச் செல்ல வசதியான ஒரு பெட்டி, அதில் ஒலிபெருக்கி, நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகள், வேட்டைக்காரர் கையில் ஒரு ரிமோட், கருவி அவ்வளவுதான். பிடிபட்ட முயலின் கதறல், மான்குட்டியின் அலறல், அடிபட்ட மரங்கொத்தியின் கிறீச்சிடல், கயோட்டியின் ஊளை, வலியில் துடிக்கும் கயோட்டிக் குட்டியின் ஓலம் என எல்லாம் அதில் இருக்கும். வயலும் புதரும் சந்திக்கும் ஓரத்தில் பெட்டியை வைத்துவிட்டு, முப்பது நாற்பது கெஜம் தள்ளி, காற்று குறுக்காக வீசும்படி வேட்டைக்காரர் அமர்கிறார். கயோட்டி குரலை நோக்கி நேரே ஓடி வருவது குறைவு. காற்று போகும் திசைப்பக்கமாக வளைந்து வந்து மோப்பம் பிடித்த பிறகே நெருங்கப் பார்க்கும் என்பதால், அது வளையும் பாதையைக் கணித்து ரைஃபிளை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். பெட்டியருகே ரோமத்தால் செய்த ஒரு பொம்மை வால் மோட்டாரில் ஆடிக்கொண்டிருப்பதும் உண்டு. விலங்கின் கண் அதில் நிலைத்திருக்கும்போது ஆளைக் கவனிக்காது. பதினைந்து, இருபது நிமிடம் ஒலித்தும் ஒன்றும் வராவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள்.

வாயில் வைத்து ஊதும் குழல் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் குழலை ஊதுபவர் தானே குரலுக்கு மூலம். வருகிற விலங்கு அவரை நோக்கியே வரும், அவருடைய அசைவை அது பார்த்துவிடும், மூச்சு தளர்ந்தால் குரலும் தளரும். மின்னணு அழைப்பான் இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டது. அரை மைலுக்கு அப்பாலும் கேட்கும் ஒலியைக் களைப்பில்லாமல் எழுப்புகிறது. ஒரு நொடியில் முயலிலிருந்து ஊளைக்கு, ஊளையிலிருந்து குட்டியின் ஓலத்துக்கு மாறுகிறது. முன்பின் பழகாதவரும் வாங்கிய அன்றே தேர்ந்த வேட்டைக்காரரைப்போல் அழைத்துவிடலாம். எனக்கு இதில் பிடிக்காதது ஒருபுறம் இருக்கட்டும். உங்களிடம் நான் முறையிடுவது ரசனையைப் பற்றியது அல்ல. வேட்டைக்காரர் தேர்ந்தெடுப்பது ஒலியை மட்டுமே. அதைக் கேட்டு வருவது எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதி அந்த ரிமோட்டில் இல்லை.

எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் எழுபது வயதைக் கடந்த பண்ணைக்காரர். இந்தக் கவுண்டியிலேயே பிறந்தவர். சிறு வயது முதல் துப்பாக்கி பிடித்தவர். குளிர்காலத்தில் அவருடன் பலமுறை அமர்ந்திருக்கிறேன். முயலின் கதறலுக்கு நரி வந்திருக்கிறது, பாப்கேட் பூனை வந்திருக்கிறது, ஆந்தை பெட்டியின் மேல் பாய்ந்திருக்கிறது, கருங்கரடி ஒன்று சாவகாசமாக நடந்து வந்து பொம்மை வாலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அண்டை வீட்டு நாயும் வந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் பார்த்தவுடன் இன்னதென்று தெரிகிற விலங்குகள். அவற்றால் சிக்கல் இல்லை.

ஒரு ஜனவரிக் காலையில் வந்தது அப்படிப்பட்டதல்ல. அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. விதிப்படி அனுமதிக்கப்பட்ட நேரம்தான், கிழக்கில் வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. முதலில் முயலின் கதறல், பிறகு ஒற்றை ஊளை. வடிகால் கால்வாயின் கரையோரமாக ஒரு விலங்கு வந்தது. அறுவடை முடிந்த சோயாத் தாளின் நிறமும் அதன் முதுகின் நிறமும் ஒன்றாகவே இருந்தன. நூறு கெஜத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் நின்று, எங்களுக்கு முகத்தை நேராகக் காட்டியபடி பெட்டியைப் பார்த்தது. அவர் பாதுகாப்புப் பூட்டை விடுவித்துவிட்டார். அந்த விலங்கு பக்கவாட்டில் திரும்பிய பிறகே, கழுத்து ரோமத்துக்குள் பாதி புதைந்திருந்த, ஓநாய் என்பதற்கு அடையாளமாக மாட்டப்படும் ஆரஞ்சு நிறப் பட்டை ஸ்கோப்பில் தெரிந்தது. அவர் ரைஃபிளைத் தாழ்த்திவிட்டு ரிமோட்டை அணைத்தார். வண்டிக்குத் திரும்பும் வழியில், பட்டை இல்லாதிருந்தால் சுட்டிருப்பேன் என்று அவராகவே சொன்னார். ஓநாயை மீண்டும் காட்டில் வாழவைக்கும் கூட்டாட்சி அரசின் இந்த ஓநாய்த் திட்டத்தின் மீது அவருக்குப் பெரிய அபிமானம் எதுவும் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஆணையத்தார் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கயோட்டி பொதுவாக இருபது முதல் நாற்பத்தைந்து பவுண்டு எடை இருக்கும். வளர்ந்த சிவப்பு ஓநாய் ஏறக்குறைய ஐம்பது முதல் எண்பது பவுண்டு. காகிதத்தில் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் எடையை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஓநாயின் கால் நீளம், தலை அகலம், காதுக்குப் பின்னால் செம்மை படர்ந்திருக்கும். கயோட்டியின் மூக்கு கூர்மை, உடல் ஒல்லி. இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு விலங்கும் அருகருகே நிற்க வேண்டும், அல்லது பார்ப்பவருக்கு இரண்டையும் பலமுறை பார்த்த பழக்கம் வேண்டும். குளிர்கால ரோமம் அடர்ந்த கயோட்டி பெரிதாகத் தெரியும்; பிறந்து ஓராண்டு நிரம்பாத ஓநாய், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வளர்ந்த கயோட்டியின் அளவிலேயே இருக்கும். குட்டியாக இருக்கும்போது கழுத்துப்பட்டை மாட்ட முடியாது. வளர்ந்த பிறகு பிடித்துத்தான் மாட்ட வேண்டும். ஆக, அடையாளம் காண மிகவும் கடினமான இளம் ஓநாய்க்குத்தான் பட்டை இல்லாதிருக்கும் வாய்ப்பும் அதிகம். அனுபவமில்லாத இளம் விலங்குதான் அழைப்பானின் குரலுக்கு எளிதில் ஏமாந்து வருவதும்.

இதோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பும், மறைந்த பின் அரை மணி நேரமும் சட்டப்படி பகல் வேட்டையின் கணக்கில்தான் வருகின்றன. அழைப்பானுக்கு விலங்கு நன்றாக வருவதும் அந்த நேரங்களில்தான். இரவு வேட்டையைத் தடுத்ததற்கு என்ன காரணம் சொல்லப்பட்டதோ, அந்தக் காரணம் இந்த இரண்டு அரை மணி நேரங்களுக்கும் பெருமளவில் பொருந்தும்.

இந்த இனம் எத்தனை முறை விளிம்பிலிருந்து திரும்பியது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தமிழ் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அமெரிக்கத் தென்கிழக்கு முழுவதும் திரிந்த சிவப்பு ஓநாய், நஞ்சு, கண்ணி, துப்பாக்கி ஆகியவற்றாலும் காடழிப்பாலும் குறுகி, டெக்சஸ்–லூசியானா கடலோரத்தில் எஞ்சியது. 1970-களில் அங்கிருந்து பிடிக்கப்பட்டவற்றில் 14 விலங்குகள் மட்டுமே இன்றைய இனம் முழுமைக்கும் முன்னோராயின. 1980-இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 1987-இல் அலிகேட்டர் ரிவர் சரணாலயத்தில் மீண்டும் விடப்பட்டது. எண்ணிக்கை ஒரு கட்டத்தில் நூற்றைத் தாண்டியது. பிறகு சரிந்து, 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கழுத்துப்பட்டையுடன் காட்டில் இருந்தவை பத்துக்கும் குறைவாகிவிட்டன. 2022 வசந்தத்தில் ஆறு குட்டிகள் பிறந்தபோது, 2018-க்குப் பிறகு காட்டில் பிறந்த முதல் ஈற்று அது என்று செய்தி வந்தது. இந்தச் சரிவுக்குத் துப்பாக்கிச் சூடு ஒரு முதன்மைக் காரணம். வாகனங்களில் அடிபடுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாலை விபத்தைத் தடுப்பது உங்கள் அதிகாரத்துக்கு வெளியே இருப்பது. அழைப்பான் உங்கள் விதிப்புத்தகத்துக்குள் இருப்பது.

2012-இல் ஆணையம் தற்காலிக விதி ஒன்றின் மூலம் மாநிலம் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் கயோட்டியை இரவில் சுட அனுமதித்தது. ஓநாய் வாழும் ஐந்து கவுண்டிகளும் அதில் அடக்கம். மாநில நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு நிரந்தர விதி வந்தது. 2014 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் ஐந்து கவுண்டிகளில் கயோட்டி வேட்டைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படிதான் இப்போதைய முறை வந்தது: ஐந்து கவுண்டிகளில் இரவு வேட்டை கூடாது, பகல் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், கொன்றால் தெரிவிக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து, 2015 ஜனவரியில், ஓநாய்த் திட்டத்தையே முடித்துக்கொள்ளும்படி கூட்டாட்சித் துறையைக் கேட்டு ஆணையம் தீர்மானம் நிறைவேற்றியது. இந்த வரிசையைப் படிக்கும் எவருக்கும், ஓநாயைக் காக்கும் ஒவ்வொரு அடியும் ஆணையத்தின் கையிலிருந்து வழக்கின் மூலம் பெறப்பட்டதாகவே தோன்றும். அந்தத் தோற்றத்தை மாற்றும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. நீதிபதி சொல்லுமுன் நீங்களே ஒரு விதியை எழுதலாம்.

வாத்து வேட்டைக்காரர்களுக்கு இதில் புதிதாக விளக்க எதுவுமில்லை. மாட்டமஸ்கீட் ஏரியில் வாத்துக்காக அமரும் எவரும், பதிவு செய்த குரலையோ மின்சாரத்தால் பெருக்கிய குரலையோ பயன்படுத்தக் கூடாது என்பதைக் கூட்டாட்சி விதியாக அறிவார்கள். எண்ணிக்கை மிகுந்துவிட்ட வெள்ளை வாத்து இனங்களுக்குச் சில பருவங்களில் விலக்கு தரப்படுகிறது என்பது உண்மை. அந்த விலக்குகூட மற்ற நீர்ப்பறவைப் பருவங்கள் மூடியிருக்கும்போதுதான் செல்லும், ஏனென்றால் ஒன்றுக்காக ஒலிக்கும் குரலுக்கு மற்றொன்று வந்துவிடக் கூடாது. இலட்சக்கணக்கில் இருக்கும் பறவைகளுக்கு இவ்வளவு எச்சரிக்கையாக எழுதப்பட்ட ஒரு கொள்கை, கையால் எண்ணிவிடக்கூடிய ஓநாய்க்கு ஏன் எழுதப்படவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை பொருத்தமான விடை கிடைக்கவில்லை.

கயோட்டியைக் குறைக்க வேண்டும், அதற்கு இந்தக் கருவி தேவை என்பது வழக்கமான பதில். பண்ணைக்காரர் தன் கன்றையும் ஆட்டையும் காப்பாற்றிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழைப்பானும் ரைஃபிளும் கயோட்டியைக் குறைக்கின்றனவா? கூட்டாட்சி வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு பல ஆண்டுகளில் ஆண்டுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. தனியார் வேட்டைக்காரர்கள் கொல்வது அதற்கு மேல். இத்தனைக்கும் இடையில் அந்த விலங்கு மேற்குச் சமவெளியிலிருந்து அட்லாண்டிக் கரை வரை பரவி, நம் மாநிலத்தின் 100 கவுண்டிகளிலும் குடியேறிவிட்டது. ஆண்டுதோறும் எழுபது விழுக்காட்டைக் கொன்றாலும் கயோட்டி இனம் தாக்குப்பிடிக்கும் என்று 1975-இலேயே கலிஃபோர்னியாவில் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் கணினி மாதிரி வழியாகக் காட்டினார்கள். எல்லை பிடித்து வாழும் ஜோடி கொல்லப்பட்டால், இடமின்றி அலையும் இளம் விலங்குகள் அங்கே வந்துவிடும். நெருக்கடி குறைந்த இடத்தில் குட்டிகள் அதிகம் பிழைக்கும். வார இறுதியில் நான்கு வயல்களில் பெட்டி வைத்து இரண்டு கயோட்டியைச் சுடுவதால் எந்தக் கவுண்டியிலும் கயோட்டி குறைந்ததில்லை. அது ஒரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றே அதை ஒப்புக்கொண்டால், ஓநாய் இருக்கும் இடத்தில் அதற்கு எவ்வளவு இடம் தரலாம் என்று நேர்மையாகப் பேச முடியும்.

இந்த ஐந்து கவுண்டிகளில் கயோட்டியைச் சுடுவதால் வரும் தீங்கு வேறொன்றும் உண்டு, அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஓநாய்த் திட்டத்தின் பணியாளர்கள் கயோட்டிகளைப் பிடித்து, கருத்தடை செய்து, வெள்ளைப் பட்டை மாட்டி, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். அந்தக் கயோட்டி தன் எல்லையைக் காத்துக்கொண்டு வேறு கயோட்டிகளை உள்ளே விடாது. ஓநாயோடு சேர்ந்தாலும் கலப்புக் குட்டி பிறக்காது. அந்த நிலத்துக்கு ஓர் ஓநாய் ஜோடி வரும் நாளில் அவை அதை விரட்டிவிட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். பொதுப்பணத்தில், பெரும் உழைப்பில் செய்யப்படும் வேலை இது. எல்லை பிடித்த விலங்குதான் அன்னிய ஊளைக்கு ஆத்திரத்தோடு வரும் என்பதால், அழைப்பான் முதலில் வெளியே இழுப்பது இந்த வெள்ளைப் பட்டைக் கயோட்டியைத்தான். கருத்தடை செய்த ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால், அந்த இடத்துக்கு வருவது குட்டி போடக்கூடிய வேறொன்று. கயோட்டியைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லும் வேட்டை, இந்த இடத்தில் கயோட்டியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையே குலைக்கிறது.

ஓநாய் ஜோடியில் ஒன்று செத்தால் நடப்பது இன்னும் மோசம். சிவப்பு ஓநாய்கள் நிலையான ஜோடிகளாக வாழ்கின்றன. ஜோடி நிலைத்திருக்கும் வரை கயோட்டியை அவை நெருங்க விடுவதில்லை. துணை இறந்து, பக்கத்தில் வேறு ஓநாய் இல்லாமல் போனால், எஞ்சியது கயோட்டியோடு சேர்கிறது. இந்தத் தீபகற்பத்திலேயே செய்யப்பட்ட ஆய்வுகள், கலப்பு நிகழ்ந்த பல இடங்களில் அதற்கு முன் ஓநாய் ஜோடி குலைந்திருந்ததையும், அந்தக் குலைவுக்குத் துப்பாக்கிச் சூடு பெரிய காரணமாக இருந்ததையும் காட்டியுள்ளன. கலப்பு நடக்கிறது, ஆகவே ஓநாயைக் காத்துப் பயனில்லை என்று திட்டத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். துணையைக் கொல்வதும், பிறகு கலப்பைக் குற்றமாகக் காட்டுவதும் ஒரே வாயிலிருந்து வரக் கூடாது.

குட்டிப் பருவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் தேவையில்லை. இரு இனங்களும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் கூடி, ஏப்ரல், மே மாதங்களில் குட்டி ஈனுகின்றன. அந்த மாதங்களில் அழைப்பானில் குட்டியின் ஓலத்தைப் போட்டால் தாயும் தகப்பனும் வரும்; கோடைக்கால வேட்டைக்குச் சிறந்த ஒலி என்று அனுபவசாலிகள் பரிந்துரைப்பதே அதைத்தான். மான் வேட்டைக்காரனாக, குட்டிக்குப் பால் கொடுக்கும் காலத்தில் தாயைச் சுடாதே என்ற ஒழுங்கில் வளர்ந்தவன் நான். கயோட்டிக்கு அந்த ஒழுங்கு வேண்டாம் என்று ஆணையம் எண்ணினால் எண்ணட்டும். ஆனால் அந்த ஓலம் ஓநாயின் வளை இருக்கும் காட்டிலும் கேட்கிறது.

தவறுதலாக ஓநாயைச் சுட்டவர் உடனே தெரிவித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஓநாய் மீண்டும் விடப்பட்ட பகுதிக்கென்று உள்ள கூட்டாட்சி விதியும், சட்டபூர்வமான வேறொரு செயலின்போது தற்செயலாக நேரும் சாவைத் தெரிவித்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. தண்டனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பக்கத்துப் பண்ணைக்காரர் அன்று சுட்டிருந்தால் அவரை எவரும் குற்றவாளி என்று சொல்வதை நானே ஏற்றிருக்க மாட்டேன். தவறு நிகழ்வதற்கு ஏற்றவாறு விதி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் குறை. மரத்தடியில் அமர்ந்து, தானாகக் கடந்து போகும் விலங்கைப் பார்ப்பவருக்கு ஓநாயைக் காணும் வாய்ப்பு மிகச் சிறிது. அழைப்பானை இயக்குபவர், ஓநாயும் விரும்பும் இரையின் குரலையும், ஓநாயும் பொறுக்காத அன்னிய ஊளையையும் எழுப்பி, அந்த வாய்ப்பைத் தாமே பெருக்குகிறார். அப்படிப் பெருக்கிய பிறகு நேர்வதைத் தற்செயல் என்று முழுமனதோடு சொல்ல என்னால் இயலவில்லை.

ஐந்து கவுண்டிகளோடு இது முடியவும் இல்லை. துணை தேடும் இளம் ஓநாய் பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தொலைவு நடக்கும். போஃபர்ட்டின் மேற்கு எல்லையைத் தாண்டினால் பிட், மார்ட்டின், கிரேவன் கவுண்டிகள். அங்கே அழைப்பானோடு தெர்மல் ஸ்கோப் பூட்டிய ரைஃபிளையும் சேர்த்து இரவு முழுவதும் அமரலாம். தெர்மல் ஸ்கோப்பில் விலங்கின் உடல் வெப்பம் மட்டுமே வெள்ளை உருவமாகத் தெரியும். நிறம் தெரியாது, ஆரஞ்சுப் பட்டை ஆரஞ்சாகத் தெரியாது. என்னைக் காப்பாற்று என்று ஓநாயின் கழுத்தில் நாம் கட்டிவிட்ட ஒரே அடையாளத்தை அந்தக் கருவி அழித்துவிடுகிறது.

ஆகவே ஆணையத்திடம் நான் கேட்பவை இவை. டேர், ஹைட், டிரெல், வாஷிங்டன், போஃபர்ட் கவுண்டிகளில் கயோட்டி வேட்டைக்குப் பதிவு செய்த அல்லது மின்னணு முறையில் பெருக்கிய குரல் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று கயோட்டி விதியைத் திருத்துங்கள். அதே கவுண்டிகளில் பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் முடிய, வாயால் ஊதும் குழல் உட்பட எந்த அழைப்பும் வேண்டாம். இந்த எல்லையை ஒட்டிய கவுண்டிகளில், இரவில் அழைப்பானையும் தெர்மல் ஸ்கோப்பையும் சேர்த்துப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மாநிலத்தின் மற்றப் பகுதிகளைப் பற்றி இம்மடலில் நான் எதுவும் கேட்கவில்லை.

பகல் வேட்டைக்கான அனுமதிச் சீட்டைக் கொடுக்குமுன், கழுத்துப்பட்டை இல்லாத இளம் ஓநாயையும் குளிர்கால ரோமத்துக் கயோட்டியையும் மங்கிய ஒளியில் வேறுபடுத்திக் காட்டும் ஒரு சிறு பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். கரடி வேட்டைக்கும் வாத்து வேட்டைக்கும் படங்களோடு விளக்கம் அச்சிடும் துறைக்கு இது பெரிய செலவாக இராது. எந்த நிறப் பட்டை அணிந்த விலங்கையும், வெள்ளை உட்பட, சுடுவது குற்றம் என்று விதியில் தெளிவாக எழுதுங்கள். ஐந்து கவுண்டிகளில் கொன்றதாகத் தெரிவிக்கப்படும் கயோட்டிகளின் கணக்கை, அழைப்பானால் கொல்லப்பட்டவை எத்தனை என்பதோடு சேர்த்து, ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

கால்நடை இழப்பு உண்மையாக நேரும் பண்ணையில், பயிற்சி பெற்ற பணியாளர் வந்து அந்தக் குறிப்பிட்ட கயோட்டியை அகற்ற வழி இருக்கட்டும். அதற்காக அழைப்பான் தேவைப்பட்டால் அவர் பயன்படுத்தட்டும். விண்ணப்பித்த பண்ணைக்காரர் வாரக்கணக்கில் காத்திருக்க நேராதபடி, பதில் தருவதற்கு ஒரு காலவரம்பையும் அந்த விதியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் பண்ணைக்காரர்கள் இந்தத் திருத்தத்தை ஆதரிக்க மாட்டார்கள், அவர்கள் மறுப்பதும் நியாயமாகவே இருக்கும்.

இந்தத் திருத்தங்களை அடுத்த விதிமாற்றச் சுற்றின் பொதுக் கருத்துக்கேட்பில் சேர்க்க வேண்டுகிறேன். கிழக்குக் கவுண்டிகளில் ஓர் இடத்திலாவது கூட்டம் நடத்துங்கள். என் பக்கத்துப் பண்ணைக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் என் எல்லாக் கோரிக்கைகளையும் ஏற்பவர் அல்லர். சேர்க்க மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்து வடிவில், பொதுவில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வாஷிங்டன் கவுண்டியில் நிலமும், இம்மாநிலத்தின் வேட்டை உரிமமும் உள்ள ஒரு தமிழர்